உரிஞ்சு போச்சே குரோம் பெயின்ட்!

போன வாரம் இன்ஜினீயரிங் காலேஜ் பசங்க ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கிட்டோம். கிரில்லு, பம்பர் எல்லாம் ஒரே குரோம், பார்க்க பெருசுங்க கார் மாதிரி இருக்கு. மேட் பிளாக் ஸ்ப்ரே கேன் ரெடி. நாளைக்கு அடிச்சுடலாமா?"ன்னு கேட்டாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்!

ஏன்னா, அதே காரியத்தை செகண்ட் இயர் படிக்கிறப்போ நானும் பண்ணினவன். எங்க வீட்டு அம்பாசடர் 1988 மாடல். முன் பம்பர்ல அங்கங்க துரு. அப்பா வெளியூர் போயிருந்த நேரமா பார்த்து, பெட்ரோல் துணியால ஒரு துடை, மேல நாலு கோட் கறுப்பு. சும்மா ஜம்முனு இருந்துச்சு! அடுத்த ஞாயித்துக்கிழமை தண்ணி அடிச்சுக் கழுவினா, பழைய சுவரொட்டி மாதிரி பட்டை பட்டையா உரிஞ்சு வருது. அப்பா திட்டவே இல்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா?"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டார். திட்டியிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு.

சரி, ஏன் உரிஞ்சுது? குரோம்னு நாம சொல்றோமே, அதுல மேல இருக்கிற குரோமிய அடுக்கு ஒரு மைக்ரான்கூட கிடையாது. நம்ம தலைமுடியே அம்பது மைக்ரானுக்கு மேல தடிமன்! அந்தப் பளபளப்புல முக்கால்வாசி அடியில இருக்கிற நிக்கலோட உபயம். ஆனா அந்த மெல்லிசு குரோமியம் செம கெட்டி, கண்ணாடி மாதிரி வழவழ. பெயின்ட் பிடிச்சுக்கறதுக்கு ஒரு கீறல்கூட இருக்காது. போதாக்குறைக்கு நான் துடைச்ச பெட்ரோல் வேற பிசுக்கை விட்டுட்டுப் போயிருக்கு. (தீப்பிடிக்கிற ஆபத்து தனி. யாரும் அதைத் தொடவே வேண்டாம்.)

அதனால பாஸ், பெயின்ட் அடிக்கிறது கடைசி அரை மணி நேர வேலை. மீதி எல்லாமே தேய்ப்புதான்!

முதல்ல பார்ட்டைக் கழட்டுங்க. பழைய போல்ட்டு அடம்பிடிக்கும். டபிள்யூ.டி.-40 அடிச்சு ஒரு ராத்திரி ஊற விடுங்க. அடுத்தது ஒரு காந்தத்தை வெச்சுப் பாருங்க. 'டக்'னு இறுக்கமா ஒட்டினா இரும்பு. இப்போ வர்ற கார்ல கிரில், லோகோ எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக் மேல குரோம். அதுல தின்னர் பட்டா பிளாஸ்டிக் இளகி பல்லிளிச்சிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ஹெட்லைட்டுக்குள்ள மின்னுற ரிஃப்ளெக்டர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, அப்புறம் ராத்திரில ரோடு தெரியாது!

பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணியில நல்லா கழுவி, எண்ணெய் பிசுக்கை எடுத்துட்டு அப்புறம்தான் வாட்டர் பேப்பரைத் தொடணும். இல்லைன்னா பிசுக்கையே உள்ள வெச்சுத் தேய்ச்ச கதைதான். 220 நம்பர்ல ஆரம்பிச்சு, தண்ணி தொட்டுத் தொட்டு, முகம் தெரியாத அளவுக்கு மங்கற வரைக்கும் தேய்ங்க. மூலை முடுக்கு, போல்ட் ஓட்டை ஓரம் எதையும் விடாதீங்க. உரியறது எப்பவும் அங்கேர்ந்துதான் தொடங்கும். ஏற்கெனவே தகடு தகடா எழும்பின குரோமை மொத்தமா சுரண்டி எடுத்துடுங்க. அது பிளேடு மாதிரி கிழிக்கும், கிளவுஸ் கட்டாயம். அப்புறம் 400-ல ஒரு ஓட்டு.

தேய்ச்சது போதுமான்னு சந்தேகமா? மேல தண்ணி ஊத்துங்க. ஒரே விரிப்பா வழிஞ்சா பாஸ். முத்து முத்தா நின்னா இன்னும் பிசுக்கு இருக்கு, திரும்ப சோப்பு! வெறும் இரும்பு வெளியே தெரிஞ்சா சில மணி நேரத்துலயே துரு பூக்கும். உடனே துடைச்சுக் காயவெச்சு அன்னைக்கே பிரைமர் அடிச்சிடணும்.

இங்க ஒரு விஷயம் சீரியஸா சொல்லணும். "ஆசிட் ஊத்தினா குரோம் தானா கரைஞ்சிடும்"னு சில பேர் சொல்வாங்க. வீட்டுல வேண்டவே வேண்டாம். புகையும் விஷம், மிஞ்சுற தண்ணியும் விஷம். ராணிப்பேட்டையில 1990-கள்ல மூடின ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுட்டுப் போன கழிவு ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல. சுத்துவட்டார நிலத்தடித் தண்ணியை அது என்ன பாடுபடுத்துச்சுன்னு அந்த ஊர்க்காரங்களைக் கேளுங்க. நாம தேய்க்கிற தூள்லயும் நிக்கல் இருக்கு. அதான் ஈரமாத் தேய்க்கச் சொன்னேன். மாஸ்க் போடுங்க, அந்தச் சேறைப் பேப்பர்ல வழிச்செடுங்க. துளசி மாடத்துல கொட்டாதீங்க.

பிரைமர் வாங்கறப்போ 'செல்ஃப் எட்சிங்'னு கேட்டு வாங்குங்க. உலோகத்தை லேசா அரிச்சுப் பிடிக்கிற ரகம். (பிளாஸ்டிக்குக்குத் தனி பிரைமர்.) கேனை ரெண்டு நிமிஷம் குலுக்கி, ஒரு அடிக்குக் கொஞ்சம் கம்மியான தூரத்துல, பார்ட்டுக்கு வெளியே ஆரம்பிச்சு வெளியே முடிங்க. மெல்லிசா ரெண்டு கோட். நடுவுல பத்து நிமிஷம் பொறுமை. கலரும் அப்படித்தான், மேல கிளியர் கோட். ஒரே கோட்ல மூடணும்னு ஆசைப்பட்டா கண்ணீர் மாதிரி வழியும். மழை வர்ற மாதிரி புழுக்கமா இருந்தா அன்னைக்கு லீவு விட்டுடுங்க. பெயின்ட் பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். கார்ல மாட்டின பிறகும் ரெண்டு வாரத்துக்கு பாலிஷ் வேண்டாம்.

இன்னொண்ணு. குரோம் நல்லா இருந்தா அதைத் தொடாதீங்கங்கறதுதான் என் கட்சி. அம்பாசடர் தயாரிப்பு 2014-லயே நின்னுபோச்சு. ஒரிஜினல் பார்ட்டைத் தேய்ச்சுட்டா திரும்பி வராது. மேலாப்புல துருன்னா, அலுமினிய ஃபாயிலைத் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, பாதி போயிடும்.

எங்க பம்பர் அந்த ஸ்டேஜைத் தாண்டியிருந்துச்சு. மறுபடி பிளேட்டிங் போட விசாரிச்சா, சொன்ன ரேட்டுல அப்பா சிரிச்சுட்டார். "சரி, இந்தத் தடவை ஒழுங்கா அடி"ன்னு அவரே லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாட்டர் பேப்பரோட உட்கார்ந்தார். ரெண்டு ஞாயிறு ஆச்சு. பம்பர் முடிஞ்சதும் துருப்பிடிச்ச மூணு ஹப் கேப்பையும் எடுத்துக் கொடுத்தார். நாலாவது? பொட்டு துரு இல்லாதது. கேட்டேன், தரலை. இன்னைக்கும் கொல்லைப்புற ஜன்னல்ல அதைச் சாய்ச்சு வெச்சுத்தான் மீசை வெட்டிக்கிறார்!