புஸ்வாணத்தை எட்டிப் பாக்காதீங்க சார்!

தீபாவளிக்குப் பட்டாசு வாங்க ஆயிரக்கணக்குல செலவழிக்கிறோம். வாசல்ல ஒரு பக்கெட் தண்ணி வைக்க மட்டும் ஏங்க மனசு வரமாட்டேங்குது? கேட்டா, "வெறும் கம்பி மத்தாப்புதானே சார்"ங்கறாங்க.

வெறும் கம்பி மத்தாப்பா! எரியிறப்போ ஆயிரம் டிகிரி வரைக்கும் போகும் அது. அதைத்தான் மூணு வயசுக் குழந்தை கையில குடுத்து, பட்டு மாதிரி மின்னுற சிந்தெடிக் பாவாடையோட நிக்கவச்சு, "இங்க பாருடா தங்கம்"னு போட்டோ எடுக்கிறோம். எரிஞ்ச கம்பி? தெருவுல வீசியாச்சு. கறுத்துப்போச்சே தவிர, சூடு அப்படியேதான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வெறுங்காலோட ஓடி வந்து மிதிக்கும். நமக்கென்ன?

எங்க மாமா கதை இன்னும் மோசம். வச்ச புஸ்வாணம் பத்தலை. புது வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கிட்டப் போய், நேரா அதோட வாய்மேல குனிஞ்சு பாக்கிறார். அப்பத்தானே அது சீறும்! கண்ணு தப்பிச்சது சாமி புண்ணியம். புருவம் போச்சு, கன்னம் வெந்துபோச்சு. உடனே ஓடி வந்தது தண்ணியா? இல்லைங்க, டூத்பேஸ்ட். பின்னாலயே ஒருத்தர் இங்க் பாட்டிலோட. (இந்தக் காலத்துல இங்க் பாட்டில் எங்கேருந்துதான் வருதோ!) சாதாரண குழாய்த் தண்ணியை இருபது நிமிஷம் விட்டுக்கிட்டே இருந்தாலே பாதி எரிச்சல் அடங்கியிருக்கும். பூசின பேஸ்டை ஆஸ்பத்திரியில வழிச்சு எடுத்தப்போ அவர் கத்தினாரே, அந்தச் சத்தம் எந்த லட்சுமி வெடிக்கும் வராது.

தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம்தான் பட்டாசு வெடிக்கலாம்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல காலைல 6–7, சாயங்காலம் 7–8. யாருக்கு? ராத்திரி பதினோரு மணிக்கும் மொட்டை மாடியிலேருந்து ராக்கெட் விடுறாங்க, அதுவும் காலி பாட்டில்ல வச்சு. பாட்டில் சாஞ்சா அது நேரா எதிர்வீட்டு ஜன்னலுக்குத்தான். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில தீபாவளிக்குன்னே தனி வார்டு ரெடி பண்றாங்க. அவங்களுக்குத் தெரியும் நம்ம லட்சணம்.

மறுநாள் காலைல வெடிக்காத வெடியெல்லாம் தெருவிலேயே கிடக்கும். பசங்க பொறுக்கிப் பிரிச்சு, மருந்தைப் பேப்பர்ல கொட்டிப் பத்தவைப்பானுங்க. கை வெந்ததும் அப்பா ஓடி வருவார். "அறிவிருக்காடா உனக்கு?"ன்னு முதுகுல ரெண்டு வேற வைப்பார்.