பாட்டியைத் தொட்டால் 'கதிர்' ஒட்டிக்கொள்ளுமா?

கிண்டியில் என் வைத்தியசாலைக்கு ஒரு அம்மா வந்தார். அவர் மாமியாருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கருவி மூலம் வெளியிலிருந்து கதிர் சிகிச்சை கொடுக்கிறார்கள். "டாக்டர், உடம்புல தங்கற கதிரை எடுக்க ஏதாவது மூலிகை கொடுங்க. பசங்களைக் கிட்டவே விடறதில்லை" என்றார். பாட்டிக்குத் தனித் தட்டு, தனிப் பாய்!

கூட வந்த மகன் பத்தாம் வகுப்பு. அவன் பாடப்புத்தகத்திலேயே அணுக்கரு இயற்பியல் இருக்கிறது. "படிச்சிருக்கேன் சார், ஆனா இதெல்லாம் அதுல வராதே" என்றான்.

நான் மூலிகை கொடுக்கவில்லை. எடுக்க அங்கே கதிர் இருந்தால்தானே? விளக்கை அணைத்தபின் வெளிச்சம் அறையில் தங்குமா? அதுபோலத்தான் இதுவும். பேரன் பாட்டி மடியில் தாராளமாகப் படுக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சாப்பிட்டவர்கள், உடலுக்குள் கதிரியக்கப் பொருள் வைக்கப்பட்டிருப்பவர்கள்தான் மருத்துவர் சொல்லும் காலம்வரை விலகியிருக்க வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். இங்கேயே இந்த பயம் என்றால் மற்ற ஊர்களில்?

ஆசிரியர்களே, இதைச் சொல்லித்தர லட்ச ரூபாய் கருவி வேண்டாம். 100 புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். வெள்ளை மேலே விழுந்ததை எடுத்துவிட்டால் ஏறக்குறைய பாதி மிஞ்சும். மறுபடி போட்டால் கால்வாசி. இதுதான் அரை ஆயுட்காலம். கோபால்ட்-60-க்கு ஒரு குலுக்கல் என்பது சுமார் ஐந்தேகால் வருஷம்.

அடுத்து, எக்ஸ்ரே அறை வாசலில் இருக்கும் மூன்று இதழ்க் குறியைக் காட்டுங்கள். 2010-ல் டெல்லி பல்கலைக்கழகம் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு பழைய கருவியை ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது தெரியாமல் மாயாபுரி பழைய இரும்புக் கடையில் பிரித்தார்கள். பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒரு தொழிலாளி இறந்தே போனார். படித்தவர்கள் கோட்டை விட்டதற்கு ஏழை உயிர் பலி!

அளவையும் சொல்லுங்கள். மண், காற்று, வானம், உணவு மூலம் உலகில் ஒருவருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே கிடைக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் 0.1 அல்லது அதற்கும் குறைவு.

எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிவதுதான் படிப்பு. அடுத்த பரீட்சையில் 'சிகிச்சை முடிந்து வந்த பாட்டியைத் தொடலாமா? ஏன்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். மார்க்கோடு பாட்டியின் மனசும் குளிரும்.