வெற்றி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகிறது?

சிறுநகரச் செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கத்தை நாம் யாரும் அரசியலாகப் படிப்பதில்லை. மாவட்டக் கூடைப்பந்துப் போட்டி, கோப்பையோடு நிற்கும் பிள்ளைகளின் மங்கலான படம், கீழே 'ஊர் மக்கள் உற்சாக வரவேற்பு' என்று ஒரு வரி. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு வரியில் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 'ஊர்' என்றால் யார்? நம் மொழியில் அது அப்பாவிச் சொல் இல்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த சமூகம் இது. "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்று காலனியிலிருந்து கிளம்பும் நம் அம்மாக்களுக்கு அந்தச் சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்று நன்றாகத் தெரியும்.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்குப் போய்வருவோம். காரணம் இருக்கிறது. கூடைப்பந்தை ஊரின் உயிராகவே வைத்துக்கொண்ட மாநிலம் அது. வெள்ளிக்கிழமை இரவு கடைகளை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு பள்ளி அரங்கத்துக்குப் போகும் சிறுநகரங்கள். உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளருக்கு மேயருக்கு நிகரான செல்வாக்கு. ஊர் ஒற்றுமை, உழைப்பு, எளிமை எல்லாவற்றையும் அவர்கள் இந்த விளையாட்டின் வழியாகவே எழுதினார்கள். அந்த எழுத்தில் அழகு உண்டு, உண்மையும் உண்டு. ஆனால் பாதி உண்மைதான்.

அவர்கள் அதிகம் கொண்டாடிய கதை மைலன் என்ற சிற்றூருடையது. மக்கள்தொகை சுமார் 1,100. பள்ளியில் 161 மாணவர்கள். அப்போது பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவு கிடையாது, எல்லோருக்கும் ஒரே மாநிலக் கோப்பை. 1954 மார்ச்சில் அந்தக் குட்டிப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்ற கணக்கில் வென்றது. கடைசி விநாடிகளில் பாபி பிளம்ப் போட்ட பந்து வெற்றியைத் தந்தது. வீடு திரும்பிய பிள்ளைகளைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். எளியவர் வலியவரை வென்ற கதை யாருக்குத்தான் பிடிக்காது? நமக்கும் பிடிக்கும்.

அதே ஆண்டு, அதே போட்டியில், இறுதிச் சுற்றுகளுக்கு முன்பு மைலனிடம் தோற்ற அணிகளில் ஒன்று கிறிஸ்பஸ் அட்டக்ஸ். இண்டியானாபொலிஸ் நகரத்தின் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளி. நாம் பேச வேண்டிய கதை அவர்களுடையது.

1920-களில் இந்தியானாவில் கூ கிளக்ஸ் கிளான் அமைப்பு ஆட்சியையே ஆட்டிவைத்த காலம். அதுவரை நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து, ஒரே பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க முடிவெடுத்தார்கள். 1927-இல் பள்ளி திறந்தது. முதலில் அதற்கு ஜெஃபர்சன் பெயரை வைப்பதாக இருந்தது. அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஒரு குடியரசுத் தலைவரின் பெயர்! கறுப்பின மக்கள் மனுப் போட்டுப் போராடி அதை மாற்றினார்கள். 1770-இல் பாஸ்டனில் பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிக்கு முதலில் பலியான கறுப்பினத் தொழிலாளியான கிறிஸ்பஸ் அட்டக்ஸின் பெயர் வந்தது. பெயர்ப் பலகைக்காகவும் சிலைக்காகவும் ஏன் போராடுகிறீர்கள் என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பள்ளி வந்துவிட்டது. ஆனால் மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொன்ன காரணம் என்ன தெரியுமா? கறுப்பினப் பிள்ளைகள் மட்டுமே படிப்பதால் அது எல்லோருக்குமான பொதுப் பள்ளி இல்லையாம். பிரித்து வைத்தது அவர்கள். பிரிந்து கிடக்கிறாய் என்று கதவடைத்ததும் அவர்கள். "நீங்கதானே தனியா இருக்கீங்க, நாங்களா தள்ளி வச்சோம்?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கும் அதே நியாயம். 1942-இல்தான் அந்தக் கதவு திறந்தது. அதுவரை நகரத்தின் மற்றப் பள்ளிகள் அவர்களோடு ஆடவில்லை. எதிரணி தேடி வெகுதூரம் பயணம் போக வேண்டியிருந்தது. போகும் வழியில் சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைக்காது. முறையாகப் போட்டி நடத்தத் தகுந்த அரங்கம்கூடப் பள்ளியில் இல்லை.

1950-இல் ரே குரோ பயிற்சியாளர் ஆனார். பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைப் பார்த்தவர் அவர். நடுவரோடு வாதம் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பதில் அவர் கற்பித்த உத்தியை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் புரிந்துகொள்வார்கள்: தொடக்கத்திலேயே புள்ளிகளை ஏற்றிவிடு, நடுவரின் விசில் ஆட்டத்தைத் தீர்மானிக்க முடியாத தூரத்துக்குப் போய்விடு. மற்றவர்கள் ஜெயிக்க ஒரு புள்ளி போதும். நமக்குப் பத்துப் புள்ளி தேவைப்படுகிறது. தேர்வு அறையிலும் நேர்காணலிலும் இதே கணக்கோடு உட்கார்ந்தவர்கள்தானே நாம்?

அந்த அணியில் ஆஸ்கர் ராபர்ட்சன் இருந்தார். ஏழைக் குடும்பம். அவர் பழகியது குடியிருப்பு அருகே இருந்த திறந்தவெளி ஆடுகளத்தில். கிளம்பும் புழுதியை வைத்தே அதற்கு 'டஸ்ட் பௌல்' என்று பெயர். 1955 மார்ச் 19 அன்று இறுதிப் போட்டியில் அட்டக்ஸ் 97-74 என்று வென்றது. எதிரில் ஆடிய கேரி ரூஸ்வெல்ட் பள்ளியும் கறுப்பினப் பள்ளிதான். எல்லோருக்குமான ஒரு மாநிலக் கோப்பையை நாட்டிலேயே முதல்முறையாக ஒரு கறுப்பினப் பள்ளி வென்றது. இண்டியானாபொலிஸ் நகரத்துக்கும் அதுதான் முதல் கோப்பை.

இனிதான் நம் தலைப்புக்கு வருகிறோம். வென்ற அணியை நகரத்தின் நடுவிலுள்ள நினைவுத்தூண் சதுக்கத்துக்கு அழைத்துப் போய்க் கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் பிள்ளைகளையும் தீயணைப்பு வண்டியில் ஏற்றினார்கள். சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வண்டி அங்கே நிற்கவில்லை. நேராகக் கறுப்பின மக்கள் வசிக்கும் பகுதியின் பூங்காவுக்கு ஓட்டிப்போய், கொண்டாட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கறுப்பின மக்கள் நகர மையத்தில் திரண்டால் கலவரம் வந்துவிடுமாம். நகரத்துக்கு முதல் கோப்பையைத் தந்த பதினாறு வயது ராபர்ட்சன் அந்தக் கொண்டாட்டத்தில் நிற்க மனமில்லாமல் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றார், உலகப் புகழ் பெற்றார். அந்த இரவின் வலியை மட்டும் முதுமையிலும் மறக்காமல் பேசினார்.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு மினி லாரி நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு காலனி அணி வட்டார வாலிபால் போட்டியில் ஜெயித்தது. பையன்கள் லாரியில் ஏறிப் பறை அடித்துக்கொண்டு வந்தார்கள். கடைத்தெரு முனையில் வண்டி நிறுத்தப்பட்டது. "தம்பி, பைபாஸ் வழியா போயிடுங்க. ஜெயிச்ச நாள்ல எதுக்குப் பிரச்சினை?" மிரட்டல்கூட இல்லை, அக்கறையான குரல்தான். வண்டி திரும்பியது. பறை நின்றது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் எங்களிடம் மெல்லக் கேட்டான்: "அண்ணே, ஜெயிச்சது நாமதானே?" மறுநாள் பத்திரிகையில் 'ஊர் மக்கள் உற்சாக வரவேற்பு' என்றுதான் வந்திருந்தது.

"விளையாட்டில் எதற்குச் சாதியைக் கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்பார்கள். கொண்டுவந்தது நாமல்ல. பல்வங்கர் பாலூ 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தவர். புனேயில் அவருடைய பந்துவீச்சு வேண்டியிருந்தது. ஆனால் ஆட்ட இடைவேளையில் தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். அவர் கடைசிவரை இந்துக்கள் அணியின் முழுநேரத் தலைவராக ஆக்கப்படவில்லை. 2021 ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தபோது இந்தியாவின் மகள். சில நாள் கழித்து அணி அரையிறுதியில் தோற்றதும் ஹரித்துவாரில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லி ஏசினார்கள். ஜெயித்தால் 'நம்ம பொண்ணு', தோற்றால் சாதி. இந்த 'நம்ம' எவ்வளவு சீக்கிரம் சுருங்கிவிடுகிறது, பார்த்தீர்களா?

அதற்காக விளையாட்டால் ஒன்றுமே மாறாது என்று நாங்கள் சொல்லவில்லை. அட்டக்ஸ் வெற்றிக்குக் கைதட்டிய வெள்ளையர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகு மற்றப் பள்ளிகள் கறுப்பின வீரர்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கின. ராபர்ட்சன் தேசியக் கூடைப்பந்து வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். 1970-இல் அவர் பெயரில் தொடுக்கப்பட்ட வழக்கு 1976-இல் முடிவுக்கு வந்தபோது, ஒரே முதலாளிக்குக் கட்டுண்டு கிடந்த வீரர்களுக்கு விருப்பப்பட்ட அணிக்குப் போகும் உரிமைக்கு வழி பிறந்தது. கோப்பை தானாக நீதியைக் கொண்டுவருவதில்லை. கோப்பை தரும் தன்மானத்தைச் சங்கமாகவும் வழக்காகவும் மாற்றியபோது நீதி கொஞ்சம் நகர்ந்தது. அண்ணல் அம்பேத்கர் 'கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர்' என்றதும் இதைத்தான்.

இன்னொரு செய்தி. 1986-இல் மைலன் கதையைத் தழுவி 'ஹூசியர்ஸ்' என்ற படம் வந்தது, உலகமே பார்த்தது. அதன் இறுதிக் காட்சியில் சிற்றூர் அணியிடம் தோற்கும் எதிரணிக்குக் கறுப்பினப் பயிற்சியாளர். அந்த வேடத்தில் நடித்தவர் யார் தெரியுமா? ரே குரோ. 1955, 1956 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மாநிலக் கோப்பை வென்றவர், அதிலும் இரண்டாவது ஆண்டு ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வென்றவர், திரையில் தோற்ற அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதையை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனால் அட்டக்ஸ் கதை அழிந்துபோகவில்லை. 1895 முதல் வெளிவரும் 'இண்டியானாபொலிஸ் ரெக்கார்டர்' என்ற கறுப்பின வார இதழ், மற்றவர்கள் திரும்பிப் பார்க்காத காலத்திலும் அந்தப் பள்ளியின் ஆட்டங்களை எழுதியது. பின்னால் வரலாறு எழுத வந்தவர்களுக்கு அந்தப் பழைய பக்கங்கள் கிடைத்தன. நமக்கு அப்படி என்ன இருக்கிறது? சினிமாவில் இப்போது 'ப்ளூ ஸ்டார்' வருகிறது, 'பைசன்' வருகிறது, மகிழ்ச்சி. ஆனால் உங்கள் காலனி அணி எந்த ஆண்டு தொடங்கியது, முதல் நெட்டை யார் வாங்கிக் கொடுத்தார், எந்தப் போட்டியில் பெயரைச் சேர்க்க மறுத்தார்கள் என்பதெல்லாம் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா?

எனவே மாணவத் தோழர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்கள் பகுதியின் விளையாட்டு எழுத்தாளர் ஆகுங்கள். ஒரு நோட்டுப் போதும். தேதி, அணி, புள்ளி, ஆடியவர்கள் பெயர் எழுதுங்கள். நடுவர் யார், மைதானம் யாருடைய இடம், பெண்பிள்ளைகளுக்கு அங்கே ஆட நேரம் உண்டா என்றும் எழுதுங்கள். 2024 முதல் ஊராட்சிகளுக்கு அரசு தந்த 'கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு' எந்தத் தெருவில், யார் பூட்டிய அறையில் இருக்கிறது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள், பதிலையும் எழுதுங்கள். ஜெயித்த நாளில் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போனது, எந்தத் தெரு முனையில் திரும்பியது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்று அந்தப் பையனுக்கு நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஆமாண்டா, நாமதான்" என்று தோளைத் தட்டிவிட்டு வந்தோம். இன்று கேட்டால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வோம்: ஜெயிச்சது நாமதான் தம்பி, கடைத்தெருவும் நம்முடையதுதான். அடுத்த கோப்பை வருவதற்குள் அந்த வழியில் போக அனுமதி கேட்டு இன்றே ஒரு மனு எழுதுவோம், வா.

ஜெய்பீம்.