நாலு நாலு வந்தா ஏழரை

ஆணி கொஞ்சம் குறைஞ்சதால ஒரு பதிவு. போக்கர் பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க.

போன மாசம் அட்லாண்டிக் சிட்டியில 150 டாலர் கட்டி ஒரு டோர்னமெண்ட் ஆடினேன். ஆறு மணி நேரம் உட்கார்ந்தாச்சு. இன்னும் ஆறு பேர் வெளியே போனா மிச்சப் பேருக்கெல்லாம் பரிசுப் பணம். அப்ப பார்த்து கையில ரெண்டு நாலு. ஒன்பது பேர் மேசையில முதல்ல பேச வேண்டியவன் நான். கைவசம் 22,000 சிப், பெரிய பிளைண்ட் 1,000. 2,200-க்கு ரெய்ஸ் பண்ணினேன். ரெண்டு சீட் தள்ளியிருந்த தாத்தா ஆல்-இன். சும்மா மிரட்டறார்னு நானும் மொத்தத்தையும் தள்ளினேன். அவர்கிட்ட ரெண்டு ஒன்பது. அடுத்த பஸ்ஸுல வீடு.

பஸ்ஸுல வரும்போதுதான் யோசிச்சேன். நமக்கு ஏன் ஜோடின்னா இவ்வளவு கிறக்கம்? என் பதில்: தீபாவளி ராத்திரி மூணு சீட்டு. அதுல நூத்துக்கு 74 கையில ஜோடி கூட இருக்காது. ஜோடி வந்தவன் கிட்டத்தட்ட ராஜா. ஹோல்டெம்ல கையில ரெண்டு, நடுவுல அஞ்சு, ஆக ஏழு சீட்டு. கடைசி வரை போனா ஜோடி கூட இல்லாத கை நூத்துக்கு 17-தான். அங்க ராஜா, இங்க கூட்டத்துல ஒருத்தன். ஆனா கைக்கு அது புரியறதில்லை, பழக்கதோஷம்.

"மூணாவது நாலு விழுந்தா செட் ஆச்சே, அள்ளிடலாமே"ன்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஃப்ளாப்புல அது விழறதுக்கு எதிர்ப்பக்கம் 7.5-க்கு 1. ஏழரைன்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க! கணக்கு போடுங்க. 2,200 போட்டா, செட் விழற ஒவ்வொரு தடவையும் 16,500 கறந்தாத்தான் போட்டதே மீளும். எங்கிட்ட மிச்சம் 19,800. எதிராளி ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட மொத்தத்தையும் தாரை வார்க்கணும். நடக்கிற காரியமா?

செட் விழலைன்னா இன்னும் மோசம். ஃப்ளாப்புல நாலை விடப் பெரிய சீட்டு ஒண்ணாவது வர்றது நூத்துக்கு 99 தடவை. பின்னாடி இருக்கிற எட்டு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது பெரிய ஜோடி இருக்க மூணுல ஒரு பங்கு வாய்ப்பு. எல்லாரும் ஃபோல்ட் பண்ணினா பிளைண்ட் நமக்குத்தான், சரி. ஆனா அதுக்கு எட்டு பேரும் ஒதுங்கணுமே.

வேகாஸ்ல நடக்கிற உலகத் தொடர் மெயின் ஈவென்ட் மாதிரின்னா ஆடலாம். அங்க 60,000 சிப், 100/200-ல ஆரம்பம், அதாவது 300 பிளைண்ட். தோத்தாலும் கொசுக்கடி, செட் விழுந்தா மலை. நாம ஆடற இருபது நிமிஷ லெவல் டோர்னமெண்ட்ல அந்த சொகுசு முதல் ஒரு மணி நேரம்தான். பத்து பிளைண்டுக்குக் கீழே போயிட்டா ஆல்-இன் இல்லாட்டி ஃபோல்ட், அது வேற கதை. நடுவுல 15-லேர்ந்து 30 வரைக்கும் இருக்கும்போது, முதல் சீட்ல அஞ்சுக்குக் கீழ ஜோடி எதுவா இருந்தாலும் நான் தூக்கிப் போட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பெரிய ஆட்டக்காரங்க சிலர் இதைக் கோழைத்தனம்பாங்க. இருக்கட்டும்.

உண்மையைச் சொல்லணும்னா, அன்னிக்கு என்னை ஆட வெச்சது கணக்கே இல்லை. முக்கால் மணி நேரமா குப்பை சீட்டா தூக்கிப் போட்டுப் போட்டு போரடிச்சுப் போச்சு. ஜோடியைப் பார்த்ததும் கை அரிச்சது. செட் அது இதுங்கறதெல்லாம் அப்புறம் நானே ஒட்ட வெச்ச லேபிள்.

போன சனிக்கிழமை திரும்பப் போனேன். முதல் சீட், 24 பிளைண்ட், கையில ரெண்டு மூணு. ஃபோல்ட். ஃப்ளாப்புல ஜம்முனு வந்து உட்கார்ந்தது ஒரு மூணு. அங்க ரெண்டு பேர் ஏஸை வெச்சுக்கிட்டு மொத்தத்தையும் நடுவுல தள்ளறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. எழுந்து போய் ஒரு காபி வாங்கிட்டு வந்து உட்கார்ந்தேன்.