காட்டுக்குள் இருப்பது பூதமா, பெரியவர்களின் பொய்யா? ரசிகர்களை ரெண்டாக்கிய 'தி வில்லேஜ்'

முதல் 3 நாளில் அமெரிக்காவில் 5 கோடி டாலர் வசூல். அடுத்த வாரக் கடைசியில் அது மூன்றில் ஒரு பங்காக சரிந்தது. 2004 ஜூலை 30-ந்தேதி ரிலீசான 'தி வில்லேஜ்' படத்துக்கு நடந்த கதை இது. படம் பார்த்து வெளியே வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை இந்த கணக்கே சொல்லிவிடும்.

தியேட்டர் வாசலில் ரசிகர்களையே மார்க் போடச்சொல்லி கேட்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் படத்துக்கு கிடைத்தது 'சி' கிரேடு. பெரிய கம்பெனி படத்துக்கு இது பார்டர் மார்க் மாதிரி. பிரபல விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தார். இதே டைரக்டரின் 'சைன்ஸ்' படத்துக்கு 2002-ல் 4 ஸ்டார் அள்ளிக்கொடுத்தவர் அவர்!

டைரக்டர் மனோஜ் நைட் ஷியாமளன் நமக்கு தூரத்து ஆள் இல்லை. புதுச்சேரியை சேர்ந்த மாகேயில் 1970-ல் பிறந்தவர். அப்பா மலையாளி, அம்மா தமிழர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பென்சில்வேனியாவுக்கு போய்விட்டார். 1999-ல் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' கிளைமாக்சில் உலகத்தையே வாய் பிளக்க வைத்தார். அதுவே அவருக்கு தலைவலியாகவும் ஆனது. அடுத்து வந்த படங்களில் எல்லாம் 'ட்விஸ்ட் எங்கே, எங்கே' என்று தேடிக்கொண்டே உட்கார்ந்தது ஜனம்.

இனிமேல் வருவது படத்தின் ரகசியம். இன்னும் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கலாம்.

ஊரைச் சுற்றி காடு

நாலு பக்கமும் காடு. நடுவில் சின்ன கிராமம். கல்லறைக் கல்லில் 1897 என்று இருக்கிறது. காட்டுக்குள் பயங்கர ஜந்துக்கள் இருப்பதால் யாரும் எல்லையை தாண்டக்கூடாது. சிவப்பு கெட்ட நிறம். கண்ணில் பட்டால் மண்ணில் புதைத்து விடுவார்கள். மஞ்சள் பாதுகாப்பு நிறம். காவலுக்கு போகிறவர்கள் மஞ்சள் அங்கி போட்டுக் கொள்வார்கள்.

ஹீரோ ஜோக்வின் பீனிக்ஸ் கத்திக்குத்து பட்டு சாகக் கிடக்கிறார். மருந்து வாங்க காட்டை தாண்டி கிளம்புவது கண் தெரியாத காதலி பிரைஸ் டல்லாஸ் ஹோவர்ட். அப்போதுதான் குட்டு உடைகிறது. ஜந்து என்று ஒன்றுமே கிடையாது. ஊர் பெரியவர்கள் வேஷம் கட்டி பயமுறுத்தி இருக்கிறார்கள். அது போதாதென்று, நடப்பது 1897-ம் இல்லை. காட்டைத் தாண்டினால் தார் ரோடு, ஜீப்பு, காவலாளி!

கொலை, கொள்ளையில் சொந்தங்களை பறிகொடுத்த சிலர் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் வரலாற்று பேராசிரியர். கோடீஸ்வரர் வீட்டு வாரிசு. அப்பா சொத்தில் காட்டையே வளைத்துப்போட்டு, கெட்ட உலகம் பிள்ளைகளை தொடாமல் இருக்க இந்த கிராமத்தை உண்டாக்கி இருக்கிறார்.

"பேய்ப்படம்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்பது ஒரு கோஷ்டி. இதில் நியாயம் இருக்கிறது. விளம்பரம் முழுக்க ஜந்துவை காட்டித்தான் கூட்டம் சேர்த்தார்கள். உள்ளே போனால் மெதுவாக நகரும் காதல் கதை. குடும்பத்தோடு போய் காசை கொட்டியவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். மேலே ஏரோப்பிளேன் பறக்காதா என்ற கேள்விக்கு, அரசாங்கத்துக்கு பணம் கொடுத்து தடுத்து விட்டதாக ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது சப்பைக்கட்டுதான்.

இன்னொரு கோஷ்டி இதை பயப்படுத்தும் படமாகவே பார்க்கவில்லை. பயத்தை யார் தயாரிக்கிறார்கள், எதுக்கு தயாரிக்கிறார்கள் என்று சொல்லும் படமாக பார்க்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு பிறகு, 2002-ல் அமெரிக்க அரசாங்கம் கலர் போட்டு தீவிரவாத எச்சரிக்கை விட ஆரம்பித்தது. அதில் சிவப்புதான் உச்சகட்ட ஆபத்து. 2011 வரைக்கும் அது நடந்தது. பேரழிவு ஆயுதம் இருப்பதாக சொல்லி 2003-ல் ஈராக்கில் படையை இறக்கினார்கள். ஆயுதம் கிடைக்கவே இல்லை. அந்த நேரத்தில் தியேட்டருக்கு போனவர்களுக்கு, சிவப்பை பார்த்து நடுங்கும் கிராமம் சும்மா கற்பனையாக தெரியவில்லை.

செத்த பையன் கணக்கு

ரெண்டு கோஷ்டியும் சரியாக பேசாத ஒரு விஷயம் படத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. அந்த 1897 கல்லறை ஒரு சின்னப் பையனுடையது. வெளியே போய் மருந்து வாங்கி வருகிறேன் என்று ஹீரோ பெரியவர்களிடம் அனுமதி கேட்பது அந்த சாவுக்கு பிறகுதான். கிடைக்கவில்லை. காட்டுக்கு அந்தப்பக்கம் ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் இருப்பது பெரியவர்களுக்கு தெரியும். தெரிந்துகொண்டே பிள்ளையை புதைத்தார்கள்.

பணக்காரர் காட்டை வாங்கலாம், வேலி போடலாம், காவலுக்கு ஆள் வைக்கலாம். அவர் துக்கத்துக்கு விலை கொடுப்பது கேட்காமலே அங்கே பிறந்த பிள்ளைகள். லாஜிக் இல்லை என்று திட்டுகிறவர்களின் கோபத்தில் பாதி, உண்மையில் இந்த ஆத்திரமாக இருக்கலாம்.

கடைசி சீன் அதைவிட மோசம். மூளை வளர்ச்சி இல்லாத வாலிபனாக வரும் அட்ரியன் பிராடி, ஜந்து வேஷத்திலேயே காட்டுக்குள் செத்துப்போகிறான். பெற்ற அம்மா அழுகிறாள். சுற்றி நிற்கும் பெரியவர்களோ, இந்த சாவை வைத்தே பூதக்கதையை நிஜமாக்கி விடலாம் என்று ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். பொய் தொடரும் என்று அர்த்தம். இதை படம் பாராட்டுகிறதா, குத்திக் காட்டுகிறதா? டைரக்டர் வாயே திறக்கவில்லை. ரசிகர்கள் அடித்துக்கொள்வது இங்கேதான்.

வசூலில் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. 6 கோடி டாலர் போட்ட படம் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் பார்த்தது. ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டின் இசை ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. அடி வாங்கியது டைரக்டரின் பேர்தான். 2006-ல் வந்த 'லேடி இன் தி வாட்டர்' படுத்தது. 2015-ல் சொந்தப்பணம் போட்டு 'தி விசிட்' எடுத்துத்தான் மறுபடி எழுந்தார். அதற்குள் 'தி வில்லேஜ்' டிவியிலும் டிவிடியிலும் புது ஆட்களை பிடித்துவிட்டது. பூதம் இல்லை என்று முதலிலேயே தெரிந்து பார்க்கிறவர்கள் ஏமாறுவதில்லை. அவர்களிடம்தான் படத்துக்கு நல்ல பேர்.