கணனியைப் புதுப்பிக்குமுன்...



உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. "உம்மா, கம்பியூட்டர் சரியான ஸ்லோ. புதுசு ஒண்டு எடுப்பமே!" வாப்பாவோ கடைக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இந்த மாதம் ஏலாது" என்கிறார். இருவருக்கும் நடுவில் நின்று சீட்டுக் காசை எண்ணிப் பார்ப்பவர் நீங்கள்தான். ஆகவே இந்த விடயத்தை உங்களிடமே சொல்வது பொருத்தம்.

கணனிப் பெட்டிக்குள் இருப்பவை ஆறேழு பாகங்கள். பெரும்பாலும் அவற்றுள் ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும். அது எது என்று தெரிந்துகொண்டால் முழுப் பெட்டிக்கும் செலவழிக்கத் தேவையில்லை.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தச் சொல்லுங்கள். 'டாஸ்க் மனேஜர்' திறக்கும். கணனி திணறும் நேரத்தில் அதைப் பாருங்கள். 'டிஸ்க்' என்ற இடம் நூறு வீதத்திலேயே நின்றால் குறை ஹார்ட் டிஸ்க்கில். 'மெமரி' தொண்ணூறு வீதத்தைத் தாண்டினால் குறை ரேமில். இரண்டும் தாழ்ந்திருக்க, 'சி.பி.யு.' மட்டும் நூறைத் தொட்டு நின்றால் குறை புரோசசரில். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படிந்த தூசியைத் துடைப்பதற்கும் செலவில்லை.

காசு முதலில் எதற்கு?

பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கிறது. அதன் மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகமே கிடையாது. ஹார்ட் டிஸ்க்கோடு உழைக்கும் கணனிக்கு இந்த ஒரு மாற்றமே மறுபிறவி போன்றது. 'சாட்டா' வகை எஸ்.எஸ்.டி. பத்து வருடப் பழைய கணனியிலும் பொருந்தும். 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய டிஸ்க்கை வீசிவிடாமல், நன்றாக இருந்தால் படங்கள், பாட வீடியோக்களை வைக்க உள்ளேயே விட்டுவிடலாம்.

அடுத்தது ரேம். 4 ஜிபியோடு இருப்பவர்கள் 8 ஆக்கினால் படிப்பு வேலைக்குப் போதும். ஆனால் டி.டி.ஆர். 3, 4, 5 என்ற வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தமாட்டா. வெட்டு இருக்கும் இடமே வேறு. உங்களுடையது எது என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் உலகெங்கும் ரேம் விலை ஏறியது. எனவே பாவித்த ரேமையும் விசாரியுங்கள். பரிசோதித்து, உத்தரவாதத்தோடு தந்தால் வாங்கலாம். பாவித்த ஹார்ட் டிஸ்க்கும் பாவித்த பவர் சப்ளையும் வேண்டவே வேண்டாம்.

எங்கே நிறுத்துவது?

புரோசசரில் குறை என்றால் கவனம். அதை மாற்றப் போனால் பல சமயம் மதர்போர்ட்டையும் மாற்ற நேரும். மதர்போர்ட் மாறினால் ரேமும் மாறும். ஒன்றைத் தொட்டு மூன்றுக்குக் காசு கொடுக்கும் கதை அது.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். இலக்கத்திலேயே அது தெரியும். ஐ5-4570 என்பது 4ஆம் தலைமுறை. ஐ5-8500 என்பது 8ஆம் தலைமுறை. உங்களுடையது 4 என்றால் ஒரு எஸ்.எஸ்.டி.யோடு நிறுத்துங்கள். அதைப் பின்னர் வேறு கணனிக்கும் கழற்றி மாட்டலாம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டைப் போட்டால் அந்தக் கணனியும் இன்னும் சில காலம் உழைக்கும். மேலும் காசு சேர்ந்தால், அலுவலகங்களில் பாவித்த 8ஆம் தலைமுறைக் கணனி ஒன்றை முழுதாக வாங்குவதே சிக்கனம். கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தால், எந்தப் பாடத்துக்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள்!

நம் மண்ணுக்கு ஒரு எச்சரிக்கை

சப்ரகமுவாவில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் நமக்குப் பழக்கமானது. ஒரு மின்னல் போதும், புதிதாகப் போட்ட பாகங்கள் அத்தனையும் போய்விடும். வானம் இருண்டதும் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். இன்டர்நெட் ரவுட்டரின் வயரையும் கழற்றுங்கள். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் வயரைத் தொடாதீர்கள். பழைய தோட்ட வீடுகளில் 'ஏர்த்' சரியாக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரிடம் பார்ப்பிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கும் சர்ஜ் பாதுகாப்பான் சரியாக வேலை செய்யாது. சிறிய யூ.பி.எஸ். ஒன்று சில நிமிடங்களே தாங்கும். கரண்ட் போனால் செய்த வேலையைச் சேமித்து அணைக்க அது போதும். களுகங்கை பெருகி 2003 மே மாதமும் 2017 மே மாதமும் இரத்தினபுரி மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். தாழ்ந்த இடத்து வீடுகளில் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள்.

எங்கே வாங்குவது?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை குறைவு என்று சொல்வார்கள். ஆனால் பாகம் பழுதானால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பயணம், எடுத்துவர ஒரு பயணம். பலாங்கொடையிலிருந்தோ தெரணியகலையிலிருந்தோ இருவர் போய்வரும் பஸ் காசையும், அன்று மூடிக்கிடக்கும் கடையின் வருமானத்தையும் கூட்டிப் பாருங்கள். இரத்தினபுரியிலோ கேகாலையிலோ மாவனல்லையிலோ சற்றுக் கூடக் கொடுத்து வாங்குவதே சில வேளை இலாபம். எங்கே வாங்கினாலும் பாகத்தின் தொடர் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பிக் கேளுங்கள். அவை உங்கள் பொருள்.

சகோதரிகளே, கடைக்குப் புறப்படுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: புரோசசரின் இலக்கம், ரேமின் வகை, டாஸ்க் மனேஜர் காட்டிய குறை, கையிலுள்ள தொகை. அந்தக் காகிதத்தில் இல்லாத எதையும் கடைக்காரர் எடுத்துக் காட்டினால், "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். பிள்ளைக்கு வேண்டியது பாடம் தடங்கலின்றி ஓடும் ஒரு கணனி. அதற்குச் சீட்டுக் காசு முழுவதும் தேவைப்படாமலே போகலாம்.