70 என்கிற கோடு

அறிவுசார் குறைபாடு மூளைக்குள் இருப்பது, மருத்துவர் சோதித்துச் சொல்லிவிடுவார் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அதன் எல்லைக்கோட்டை மனிதர்கள் கூடிப் பேசி நகர்த்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இத்துறையின் முதன்மைச் சங்கம் 1961இல் தந்த வரையறையில், ஐ.க்யூ. 85க்குக் கீழே உள்ளவர்களையும் சேர்க்க இடமிருந்தது. 1973இல் அதே சங்கம் கோட்டை 70க்கு இறக்கியது. இடையில் இருந்தவர்கள் எல்லாம் மருந்தே இல்லாமல், காகிதத்தில் குணமானார்கள்.

கோட்டுக்குக் கீழே யாரை நிறுத்தினார்கள் என்று பாருங்கள். 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பினத்தவர் 9 விழுக்காடு. 'மந்த' மாணவர்களுக்கான தனி வகுப்புகளிலோ 27 விழுக்காடு. 1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளை மறுபடி சோதித்தபோது, பிள்ளைகள் கோட்டுக்கு மேலே இருந்தார்கள். 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புகளுக்கு அனுப்ப ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தத் தடை விதித்தார்.

நம் ஊர் வகுப்பறைக்கு அந்தச் சோதனைத்தாள்கூடத் தேவைப்படவில்லை. "இதுங்களுக்கெல்லாம் எங்க ஏறப்போகுது" என்று வாத்தியார் ஒருமுறை சொன்னால் போதும், கடைசி பெஞ்சு தயார்.

இதுவரை சொன்னதைத் தோழர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. தகுதி, திறமை என்று பேசுகிறவர்களுக்கு "எங்கள் பிள்ளைகளும் புத்திசாலிகள்தான்" என்று பதில் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் புத்திதான் மனிதருக்கு அளவுகோல் என்று ஒப்புக்கொண்டுதானே அதைச் சொல்கிறோம்? நம் சேரியிலேயே, பத்து வயதாகியும் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கிறது. அதை எந்தப் பக்கம் நிறுத்துவது? சிறப்புப் பள்ளி நகரத்தில் இருக்கிறது. அழைத்துப் போகும் நாளெல்லாம் அம்மாவுக்குக் கூலி போச்சு. நாமோ சங்கிகளை "மூளை வளர்ச்சி இல்லாதவன்" என்று திட்டிக் கைதட்டல் வாங்குகிறோம். சங்கிக்கு அது வலிப்பதாகத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு வலிக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இட ஒதுக்கீடு பற்றிய நம் கூட்டங்களில் இந்த 1 விழுக்காட்டைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எத்தனை இடம் நிரப்பினார்கள் என்று கேட்க ஒரு ஆர்டிஐ மனுவும் 10 ரூபாயும் போதும். நான் படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரம் அனுப்புகிறேன். உங்கள் மாவட்டத்துக்கு நீங்கள் போடுங்கள்.